பேரைச் சொன்னால்தான் குழம்பு

அந்த அக்கா குழம்புக் கரண்டியைக் கையில் எடுத்துவிட்டால், எதிரே இலை போட்டு உட்கார்ந்திருப்பவர் ஒரு பேரைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் குழம்பு. சொல்லாவிட்டால் கரண்டி அந்தரத்தில் நிற்கும், சோறு ஆறும், அக்கா கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். ஆபீசரோ அட்டெண்டரோ, அந்தக் கடையில் எல்லோருக்கும் ஒரே சட்டம்தான்.

மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் சைக்கிள் கடையை ஒட்டித் தகரம் போட்ட கடை. என் மனைவி பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்த சமயம் அது. கேன்டீன் சாம்பாரில் நாக்கு செத்துப்போய், நல்ல காரமாக எதையாவது தின்றால் போதும் என்று நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே கருவாட்டு வாசனை கையைப் பிடித்து இழுத்தது. உட்கார்ந்து, “கருவாட்டுக் குழம்பு ஊத்துங்க” என்றேன்.

“என்னா கொழம்பு?”

“கருவாட்டுக் குழம்புங்க.”

“அது எல்லார் வூட்டுலயுந்தான் வைக்கிறாங்க. இது என்னா கொழம்பு?”

சட்டியை எட்டிப் பார்த்தேன். வாளைக் கருவாட்டுக்கு நடுவே பலாக்கொட்டைகள் மிதந்தன. “பலாக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பு” என்று திருத்திச் சொன்னேன், பாதி மார்க்காவது போடுவார் என்ற நம்பிக்கையில். கரண்டி அசையவில்லை. பக்கத்து இலையில் ஷிப்ட் முடிந்து வந்த கான்ட்ராக்ட் தொழிலாளி ஒருவர், காலடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்: “இலுப்பங்குப்பம் கொழம்புன்னு சொல்லுங்க சார். இல்லாங்காட்டி அக்கா நாளைக்கி வரைக்கும் இப்பிடியேதான் நின்னுகினு இருக்கும்.”

சொன்னேன். இரண்டு கரண்டி விழுந்தது. மூன்றாவதாக ஒரு கருவாட்டுத் துண்டும் வந்தது. முதல் தடவை சொல்பவர்களுக்கு அது உண்டு என்று பிறகு தெரிந்தது.

கை கழுவும்போது அந்தத் தொழிலாளிதான் விவரம் சொன்னார். இலுப்பங்குப்பம் அக்கா பிறந்த ஊர். இப்போது அப்படி ஓர் ஊர் கிடையாது. நிலக்கரிச் சுரங்கம் அகலமானபோது ஊரைக் காலி பண்ணிவிட்டார்கள். அக்கா அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெண். ஊர்க்காரர்கள் நாலா பக்கமும் சிதறிப்போக, அக்காவின் குடும்பம் வடக்குத்துப் பக்கம் மனை கிடைத்து வந்துவிட்டது.

அவர் பேர் என்ன என்று நான் கேட்டதில்லை. மந்தாரக்குப்பத்தில் யாருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். ஊர்ப் பேருக்கு அவ்வளவு அடம்பிடித்தவர் தன் பேரை ஒருவரிடமும் சொல்லி நான் கேட்கவில்லை. எல்லோருக்கும் அவர் அக்கா. பல்லுப்போன கிழவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

பழைய ஊரைப் பற்றிக் கேட்டால் அக்கா உருகிப்போவார் என்று எதிர்பார்த்து ஒரு நாள் பேச்சுக் கொடுத்தேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

“என்னா இருந்துச்சி அங்க? குடிக்கிற தண்ணிக்குப் பக்கத்து ஊருக்கு நடக்கணும். மழ பேஞ்சா செருப்பக் கையில தூக்கிகினு போவணும். எங்கப்பன் குடிச்சிட்டு வந்து எங்கம்மாவப் போட்டு அடிக்கும். நல்ல ஊருன்னு நான் சொல்ல மாட்டேன் சார். வூடு, கொல்ல, கொளம் எல்லாத்தையும் தோண்டிக்கினாங்க, சரி, நாட்டுக்குக் கரண்டு வேணுமில்ல. பேர எதுக்குத் தோண்டணும்? அதுக்கு அடியில கரியா இருக்குது?”

ரேஷன் கார்டில் அந்தப் பேர் இல்லை. பஸ் போர்டில் இல்லை. கல்யாணப் பத்திரிகைகளில் கொஞ்ச காலம் ‘பூர்வீகம்’ என்று போட்டுக்கொண்டிருந்தார்களாம், அதுவும் நின்றுபோயிற்று. மிச்சமிருப்பது ஒரு வாய்தான், அக்காவின் வாய். அதை ஆயிரம் வாயாக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி குழம்பு.

அந்த யோசனை அவருக்கு வந்தது என் அப்பாவின் ஊரில். மகளிர் குழுப் பெண்களோடு தெற்கே கோயில் சுற்றுலா போன பஸ் திருநெல்வேலியில் நின்றிருக்கிறது. “கோயில்ல நின்ன கூட்டத்தவிட அல்வாக் கட வாசல்ல நின்ன கூட்டம் பெருசு சார்” என்று அக்கா அந்தக் கதையை ஆரம்பிப்பார். எத்தனை தடவை சொன்னாலும் கண் விரியும். “எங்கெங்கேருந்தோ காரு போட்டுகினு வந்து நிக்கிறான். எங்க பஸ்ஸுல வந்த பொம்பளைங்க அத்தினி பேரும் வாங்கினாங்க. திரும்பி வந்து பாத்தா, கும்புட்ட சாமி பேரு ஒருத்திக்கும் ஞாவகம் இல்ல. திருநெல்வேலின்ற பேரு மட்டும் அல்லாருக்கும் ஞாவகம் இருக்குது. வூடு வூடா அல்வாவக் குடுத்து ஊரு பேரச் சொல்றாளுங்க. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சிது. துண்ண வரவன் ஊரு பேர மறக்க மாட்டான்.”

திரும்பி வந்து கடை போட்டார். “வயித்துப் பாட்டுக்குன்னா நான் இட்லி சுட்டிருப்பேனே” என்பார். உள்ளூர்க்காரர்கள் பேரைச் சொல்லிச் சாப்பிடுவது அவருக்கு வெறும் ஒத்திகை. வெளியூர்க்காரன் வண்டி பிடித்து வர வேண்டும், பேரைச் சொல்லித் தின்ன வேண்டும், அந்தப் பேரை அவன் ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். நான் திருநெல்வேலி வம்சம் என்று தெரிந்ததும் எனக்கு அந்தக் கடையில் தனி மரியாதை வந்துவிட்டது. ஏதோ அல்வாவை நானே கிண்டி உலகத்துக்குக் கொடுத்தது மாதிரி, “சாருக்கு நல்லா ஊத்து” என்று மருமகளிடம் சொல்வார்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாகவும் இருக்கும், கூச்சமாகவும் இருக்கும். டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு ஏது ஊர்? கேட்டால் அப்பாவின் ஊரைச் சொல்வோம். வீடு எங்கே என்றால் பிளாக் நம்பரைச் சொல்வோம். ரிட்டயரானால் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிச் சாவியைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். எங்கள் தெருவில் மதியம் நடந்தால் வாசனையை வைத்தே எந்த வீடு எந்த ஜில்லா என்று சொல்லிவிடலாம். எங்கள் வீட்டில் சொதி, எதிர் வீட்டில் கொங்கு நாட்டு அரிசிம்பருப்பு. நெய்வேலி என்று சொல்லிக்கொள்ள ஒரு பண்டமும் கிடையாது. இண்டர்வியூவுக்கு வருவார்கள், ஆஸ்பத்திரிக்கு வருவார்கள், ஆடிட்டுக்கு வருவார்கள். தின்பதற்கென்று ஒருவன் இந்த ஊருக்கு பஸ் ஏறி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

குழம்பில் அப்படி என்ன விசேஷம் என்று கேட்டால், ஒன்றுமில்லை. இதை அக்காவே ஒப்புக்கொள்வார். பலாக்கொட்டையைச் செம்மண்ணில் புரட்டி வைத்து மழைக்காலம் வரை காப்பாற்றுவது, கருவாட்டை வெந்நீரில் அலசுவது, இறக்கும்போது பூண்டைத் தட்டிப் போடுவது எல்லாம் பண்ருட்டி வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு செய்வதுதான். ஒருமுறை முத்தாண்டிக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் சாப்பிட்டுவிட்டு வம்புக்கு வந்தார். “இது எங்க ஊரு கொழம்பும்மா. எங்க வூட்டுல இதவிட நல்லா வைப்பாங்க. நீ என்னாத்துக்கு ஒங்க ஊரு பேர ஒட்டி வச்சிகினு இருக்கற?”

அக்கா கோபப்படவில்லை. “இருக்கட்டும் பெரியவரே. ஒங்க ஊருதான் இருக்குதே, அதுக்கு எதுக்குக் கொழம்பு?” என்றார். பெரியவர் கையில் உருட்டிய சோற்றை இலையிலேயே திரும்ப வைத்தார். பிறகு, “இலுப்பங்குப்பம் கொழம்பு இன்னொரு கரண்டி ஊத்து” என்றார்.

கடைசியில், கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி, சாப்பாட்டுக் கடைகளை வீடியோ எடுத்துப் போடும் இரண்டு பையன்கள் ஒரு பைக்கில் வந்து இறங்கினார்கள். பாண்டிச்சேரியிலிருந்து திருச்சிப் பக்கம் போகிற வழியில் பசிக்கு ஒதுங்கியவர்கள். அன்றைக்கு நானும் இருந்தேன். ஒருவன் வாயில் வைத்ததும் கண்ணை மூடி, “அக்கா, சத்தியமா வேற லெவல்” என்றான். அது நடிப்பில்லை, பசித்தவன் முகம் தெரியாதா? அக்காவுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. கேமரா முன்னால் நின்று பேரை மூன்று தடவை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எங்கே இருந்தது, எப்படிப் போனது என்று சொன்னார். சுரங்கத்து மண்மேடு தெரியும் பக்கம் கையைக் காட்டினார். கடைசியில், “எழுத்துலயும் போடுவீங்களா தம்பி?” என்று கேட்டார்.

“கண்டிப்பா போடுறோம்க்கா.”

போட்டார்கள். ‘நெய்வேலி மைன்ஸ் குழம்பு’ என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். இலுப்பங்குப்பம் என்று அக்கா சொல்கிற இடம் ஒரே ஒரு நொடி வந்தது, கூடவே யாரோ சிரிக்கிற சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள். அக்காவின் மகன் போனில் அதைக் காட்டினான். அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பார்த்தார். “பேரு எங்க வருது?” என்றார். மறுபடி போடச் சொன்னார். அப்புறம், “நீட்டுப் பேரா இருக்குதுன்னு வுட்டுட்டாங்க போல. பச்சப் புள்ளைங்க” என்று அடுப்புக்குப் போய்விட்டார். ஊரைத் தோண்டிய சுரங்கத்தின் பேரையே குழம்புக்கு வைத்துவிட்டார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது.

ஆனால் சனம் வந்தது. அக்கா சொன்ன கணக்கு அப்படியே பலித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூர் கார், பாண்டிச்சேரி கார், மெட்ராஸ் கார் என்று சைக்கிள் கடையைத் தாண்டி நின்றன. குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, அப்படியே மேட்டில் ஏறிச் சுரங்கத்தைப் பார்த்துவிட்டுப் போவது என்று திட்டம் போட்டுக்கொண்டு வந்தார்கள். அக்காவின் ஊர் இருந்த குழியைத்தான் பார்த்துவிட்டுப் போகிறோம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

“அக்கா, மைன்ஸ் குழம்பு நாலு பேருக்கு.”

“என்னா கொழம்பு?”

கரண்டி நிற்கும். அவர்கள் சிரிப்பார்கள். போனைத் தூக்கிப் படம் பிடிப்பார்கள். கொஞ்ச நாளில் அதுவே வேடிக்கையாகிவிட்டது. திட்டு வாங்கவென்றே வந்தார்கள். வேண்டுமென்றே ஆலங்குப்பம், அரசங்குப்பம் என்று மாற்றி மாற்றிச் சொல்லி, அக்கா முறைப்பதை வீடியோ எடுத்துக்கொண்டு, போதுமான அளவு எடுத்த பிறகு சரியான பேரைச் சொல்லிச் சாப்பிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் கேட்டேவிட்டேன், “இவங்க உங்கள வச்சி விளையாடுறாங்கன்னு தெரியலியாக்கா?”

“தெரியுது சார். வெளாடட்டும். வாயில ஒருக்கா வந்துடுதில்ல? வாயில வந்தா வயித்துக்குப் போயிடும்” என்றார்.

பழைய ஆட்கள் மெல்லக் கழன்றுகொண்டார்கள். முதல் ஷிப்ட் முடிந்து அவர்கள் வரும் நேரத்துக்குச் சட்டி காலியாக இருக்கும், உட்கார இடம் இருக்காது. இதற்குள் அதே வரிசையில் இன்னும் சில கடைகள் முளைத்து, ‘ஒரிஜினல் மைன்ஸ் குழம்பு’ என்று பேனர் கட்டின. அங்கே யாரும் பேர் கேட்பதில்லை. உட்கார்ந்ததும் ஊற்றினார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? குழம்பின் பேர் அதுதான் என்று ஆகிவிட்டது. குழந்தை குட்டியோடு பசியில் வந்தவர்கள், அக்காவின் விசாரணைக்கு நிற்காமல் அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள்.

மகனுக்குப் பொறுக்கவில்லை. சுரங்கத்தில் அவன் வேலை பார்த்த கான்ட்ராக்டர் மாறியதில் அவனைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடவில்லை. குடும்பத்துக்குக் கடைதான் கதி. இலுப்பங்குப்பம் என்று எழுதியிருந்த கடைப் பலகையை மாற்றலாம் என்று தினமும் கெஞ்சினான்.

“எம்மா, போன்ல மைன்ஸ் கொழம்புன்னு போட்டாத்தான் பக்கத்துக் கடைங்க வருது. ஒன் ஊரு பேரப் போட்டா ஒண்ணும் வரல. இந்தா, நீயே பாரு” என்று திரையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். வெறும் வெள்ளையாக இருந்தது.

“அந்தப் போனுக்குத் தெரியலன்னா என்னா?” என்றார் அக்கா.

“யாருக்குந்தான் தெரியல. எனக்கே தெரியாது. நான் பொறந்தது வடக்குத்துல.”

அவன் கெட்ட பிள்ளை இல்லை. அவன் சொன்னதில் பொய்யும் இல்லை. பேர் சொல்ல ஒரு பிள்ளை என்பார்கள். அக்கா பெற்ற பிள்ளைக்கு அந்தப் பேரே பாரமாக இருந்தது. அக்கா அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. பலகையையும் மாற்றவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் குறைந்த பிறகு ஒரு கார் வந்தது. முப்பது வயசுக்காரன், மனைவி, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. உட்கார்ந்ததும் எல்லோரையும் போல, “மைன்ஸ் குழம்பு ரெண்டு சாப்பாடும்மா” என்றான். அக்கா கரண்டியை எடுத்தார், ஆனால் வழக்கமான கேள்வி வரவில்லை. அவன் முகத்தையே பார்த்தார்.

“எந்த ஊரு தம்பி?”

“கோயம்புத்தூரும்மா.”

“அது சரி. பூர்வீகம்?”

“இந்தப் பக்கந்தாம்மா. நெய்வேலி. அப்பா சின்ன வயசுலயே கெளம்பி அங்க மில்லுக்கு வந்துட்டாரு.”

“நெய்வேலியில எது?”

“தெரியலம்மா. மைன்ஸ் இருக்குற பக்கம்னு சொல்லுவாங்க. அதான், வீடியோவப் பாத்ததும், ஒரு நாள் போயிட்டு வரலாம்னு தோணுச்சு.”

அக்கா அவன் அப்பாவின் பேரைக் கேட்டார். சொன்னான். கரண்டி சட்டிக்குள் போய்விட்டது. அக்காவின் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது, இவன் இலுப்பங்குப்பத்துப் பிள்ளை. “ஒங்கப்பாவும் நானும் ஒண்ணா பள்ளிக்கொடம் போனோம்” என்றார். “நல்லா இருக்காரா?”

“போன வருசம் தவறிட்டாரும்மா.”

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, இத்தனை வருஷம் எல்லோரிடமும் கேட்டதை வேறு விதமாக அவனிடம் கேட்டார். “ஒங்கப்பா ஊரு பேர ஒங்கிட்டச் சொன்னதே இல்லியா?”

“கேட்டிருக்கேம்மா. ‘அதான் இப்ப இல்லியே, விடு’ன்னுடுவாரு. அதுக்கு மேல பேச மாட்டாரு. கேட்டா மொகம் ஒரு மாதிரி ஆயிடும். நாங்களும் விட்டுட்டோம்.”

சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். வழிப்போக்கனையெல்லாம் நிறுத்திச் சொல்ல வைத்தவர், சொந்த ஊர்ப் பிள்ளையிடமா சொல்ல மாட்டார்? அக்கா சட்டியைக் கிளறினார். அடியிலிருந்து பலாக்கொட்டையாகப் பார்த்து எடுத்து, கருவாட்டுத் துண்டோடு அவன் இலையில் ஊற்றினார். அவன் மனைவிக்கு ஊற்றினார். குழந்தைக்குக் காரம் படாமல் ஒரு பலாக்கொட்டையைத் தண்ணீரில் கழுவிக் கையில் கொடுத்தார். பேரைக் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

அவன் ரசித்துச் சாப்பிட்டான். அப்பாவை ஒரு தடவை கூட்டி வந்திருக்கலாம் என்று இரண்டு மூன்று முறை சொன்னான். போகும்போது குனிந்து அக்காவின் காலைத் தொட்டான். சுரங்கம் பார்க்கிற மேட்டுக்கு எப்படிப் போவது என்று வழி கேட்டான். அக்கா தெளிவாக வழி சொன்னார்.

கார் போன பிறகு நான் அடக்க மாட்டாமல் கேட்டேன். “ஏங்க்கா சொல்லல? அவனுக்குத்தான மொதல்ல சொல்லணும்?”

“என்னான்னு சார் சொல்றது?” என்றார். “பொறந்து வளந்தவன், அந்த மண்ணுல பொரண்டவன், அவனே வாணாம்னு வுட்டுட்டுச் செத்துப் போயிட்டான். நான் மட்டும் கரண்டியத் தூக்கிகினு நிக்கிறேன். அந்தப் புள்ள சந்தோசமா வந்துச்சி, சந்தோசமாப் போவட்டும். போயி அந்தக் குழியப் பாத்தா, இது என்னா ஊருன்னு அதுக்கு ஏன் தெரியணும்?”

பிறகு மகனைக் கூப்பிட்டார். “நீ சொன்ன பேரையே எழுதிடுப்பா” என்றார். மகன் அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

அடுத்த முறை நான் போனபோது பலகை மாறியிருந்தது. மஞ்சளில் கறுப்பு எழுத்து, தூரத்திலிருந்தே தெரிந்தது. கடை நிறைந்திருந்தது. அக்கா இலை இலையாக நகர்ந்து யாரையும் ஒன்றும் கேட்காமல் ஊற்றிக்கொண்டே போனார். என் இலைக்கும் வந்தார், ஊற்றினார், அடுத்த இலைக்குப் போனார். முன்பைவிட வேலை சீக்கிரம் நடந்தது. நான் வேண்டுமென்றே நிதானமாக, ஏதாவது ஒரு மாற்றம் தெரிகிறதா என்று தேடித் தேடிச் சாப்பிட்டேன். புளிப்பு, காரம், பூண்டு, எல்லாம் அதே பக்குவத்தில் இருந்தன. இவ்வளவு நடந்த பிறகு குழம்பாவது கொஞ்சம் கெட்டுப்போயிருக்கக் கூடாதா என்று இருந்தது.